வண்டி எங்கே தூங்கியது? கடலூரிலிருந்து வார இறுதிப் பயணத்துக்கு ஒரு பழைய பைக்

2016 மே மாதம். செஞ்சிக் கோட்டை ஏறி இறங்கி, விழுப்புரத்தில் புரோட்டா சாப்பிட்டுவிட்டுக் கடலூர் திரும்பிக்கொண்டிருந்தேன். கோலியனூர் தாண்டியதும் வண்டி அப்படியே அணைந்துபோனது. ஹெட்லைட், ஹாரன், செல்ஃப் எல்லாம் ஒரே நொடியில். வாங்கி நான்கு மாதம்கூட ஆகாத செகண்ட் ஹேண்ட் வண்டி. 28,000 கி.மீ.தான் ஓடியிருந்தது, ஒரே ஓனர், பெயின்ட் பளபளவென்று இருந்தது, விலையும் ஊர் விலையைவிட எட்டாயிரம் குறைவு. அந்த எட்டாயிரத்தில்தான் நான் விழுந்தேன்.

மறுநாள் குட்டியானையில் ஏற்றி வந்து முதுநகரில் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் இறக்கினேன். அவர் வயரிங் பக்கமே போகவில்லை. நேராக ஹெட்லைட்டைக் கழற்றி, உள்ளே சுட்டுவிரலை விட்டு ஒரு சுற்றுத் தேய்த்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். விரல் நுனியில் கோதுமை மாவு போல நைசான மண்.

"தம்பி, இது ஆத்துல குளிச்ச வண்டி" என்றார்.

2015 கடைசியில் வந்த வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. கழுவி, ஆயில் மாற்றி, பெயின்ட் அடித்து, பொங்கலுக்குள் என் தலையில் கட்டிவிட்டார்கள். விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை; ஹெட்லைட்டின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

போன வருடக் கடைசியில் மறுபடியும் ஒரு பழைய வண்டி தேட ஆரம்பித்தேன். இந்தத் தடவை மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். கடலூர், பண்ருட்டி, புதுச்சேரி என்று பதினொரு வண்டி பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் எழுதுகிறேன். வண்டி தேடுகிறவர்கள் பெரும்பாலும் சிசியையும் கிலோமீட்டரையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் கடற்கரைப் பக்கம் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

முதலில் தேவையைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை மதியம் கிளம்பி ஞாயிறு ராத்திரி வீடு திரும்ப வேண்டும், திங்கள் காலை வேலை. பின்சீட்டில் மனைவி, ஒரு பை. பட்ஜெட் ஒரு லட்சம். அதற்கு மேல் பேப்பர் வேலைக்கும் முதல் சர்வீசுக்கும் இருபதாயிரம் தனியாக. போகிற இடங்கள் மூன்று வகை. கடலோரமாக சிதம்பரம், சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி: சுமார் 100 கி.மீ., முழுக்கச் சமதளம். உள்நாட்டுப் பக்கம் பண்ருட்டி, திருக்கோவிலூர் வழியாகத் திருவண்ணாமலை: அதுவும் ஏறக்குறைய அதே தூரம், ஆனால் சாலை சித்தூர் வரை போகிற பழைய சாலை, ஊருக்கு ஊர் வேகத்தடை. மூன்றாவது மலை: கள்ளக்குறிச்சி வழியாகக் கல்வராயன், அல்லது சேலம் போய் ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவு. எப்போதாவது கொல்லிமலை. அங்கே எழுபது வளைவு, அதற்கு என் மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை.

இந்தக் கணக்கில் 120 கி.மீ. வேகம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு சீசனில் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர், அறுவடை நேரத்தில் பாதிச் சாலைக்குக் காயப்போட்ட நெல், சவுக்குக் கட்டை நீட்டிக்கொண்டு போகும் லாரி. எழுபது, எண்பதுக்கு மேல் முறுக்க இங்கே யாருக்கும் துணிச்சல் வராது, வரவும் கூடாது. எனவே எனக்கு வேண்டியது எழுபதில் நாள் முழுக்கச் சலிக்காமல் ஓடி, வழியில் மக்கர் செய்தால் திருக்கோவிலூரிலோ சின்னசேலத்திலோ ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் ஏதோ ஒரு மெக்கானிக் கடையில் சரியாகிவிடும் வண்டி. நம்பகம் என்றால் என் அகராதியில் இதுதான். பழுதே ஆகாத வண்டி என்று ஒன்று கிடையாது.

எங்கே ஓடியது என்பதைவிட எங்கே நின்றது

மெக்கானிக் அண்ணன் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. "மீட்டரைப் பார்க்காத, தம்பி. மீட்டரைத் திருப்பலாம். வண்டி ராத்திரி எங்க தூங்குச்சுன்னு கேளு."

தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்த வீட்டு வாசலில் மூன்று வருடம் நின்ற வண்டியும், பண்ருட்டியில் ஷெட்டுக்குள் எட்டு வருடம் நின்ற வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எட்டு வருட வண்டிதான் இளசு. உப்புக் காற்று பெயின்ட்டை அவ்வளவு சீக்கிரம் தொடுவதில்லை, அதனால் மேலே பார்த்தால் தெரியாது. குனிந்து பார்க்க வேண்டும். சைலன்சரின் அடிப்பக்கம், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் வெல்டிங், ஸ்போக் ரிம்முக்குள் நுழையும் இடம், சென்டர் ஸ்டாண்டு ஸ்பிரிங். அலுமினியப் பாகங்களில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். பேட்டரி முனையில் பச்சை. முத்தியால்பேட்டையில் பார்த்த ஒரு வண்டியில் டிஸ்க் பிரேக் காலிப்பர் போல்ட்டைச் சாவி நுனியால் சுரண்டினேன், செதில் செதிலாக வந்தது. விற்கிறவர் என் கையைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன், இரண்டு பேரும் டீ குடிக்கப் போய்விட்டோம்.

அடுத்தது வெள்ளம். 2015 பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நகரமே மூழ்கியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூர், விழுப்புரம் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. அந்த வாரம் தண்ணீரில் நின்ற வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டனவா என்ன? ஆகவே 2025-க்குப் பிறகு இந்தப் பக்கம் வண்டி வாங்குகிறவர்கள் மூன்று இடத்தைத் திறந்து பார்க்காமல் பணம் எடுக்கக் கூடாது: ஹெட்லைட்டின் உட்புறம், ஏர் ஃபில்டர் பெட்டியின் அடி, சீட்டைத் தூக்கினால் தெரியும் வயர் கனெக்டர்கள். வெளியே எவ்வளவு கழுவினாலும் இந்த மூன்று இடத்தில் வண்டல் ஒரு கோடு விட்டுவிட்டுப் போகும். விற்கிறவர் கழற்ற விடவில்லை என்றால் அதுவே பதில்.

பிஒய் வண்டியா, டிஎன் வண்டியா

கடலூர்க்காரனுக்கு இது பெரிய சபலம். இருபது கி.மீ. தள்ளிப் புதுச்சேரி, அது இன்னொரு அரசாங்கம். அங்கே சாலை வரி குறைவு, அதனால் பிஒய் 01 வண்டி விலை எப்போதும் கொஞ்சம் கீழேதான் இருக்கும். முள்ளோடை தாண்டிப் போய் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிற ஊர்க்காரர்கள் நாம். வண்டியையும் அங்கேயே வாங்கினால் என்ன என்று தோன்றுவது இயல்பு.

தோன்றட்டும், ஆனால் கணக்கு முழுதாகப் போட வேண்டும். ஆதாரில் கடலூர் முகவரி வைத்துக்கொண்டு புதுச்சேரி பதிவில் பெயர் மாற்ற முடியாது. அங்கிருந்து என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, டிஎன் 31 எண் வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புது பைக்குக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் ஆயுள் வரி. பழைய வண்டிக்கு வயதுக்கு ஏற்பக் குறையும் என்றாலும், விலையில் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அங்கே போய்விடும். அலைச்சல் தனி.

"அதெல்லாம் வேண்டாம், பழைய ஓனர் பெயரிலேயே ஓட்டுங்க, எத்தனை பேர் ஓட்டுறாங்க" என்று ஒரு புரோக்கர் சொன்னார். உண்மைதான், நிறையப் பேர் ஓட்டுகிறார்கள். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் சனிக்கிழமை சாயங்காலம் பிஒய் எண்ணோடு வந்து பையைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்பவர்களில் பாதிப் பேர் கடலூர்க்காரர்கள். ஆனால் விபத்து என்று ஒன்று வந்தால் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. வாங்குகிறவரைவிட விற்கிறவர்தான் இதற்குப் பயப்பட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி வாங்கிய முப்பது நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். வெளிமாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அதே எண்ணில் இங்கே வைத்திருக்கவும் முடியாது.

புதுச்சேரியில் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, தாராளமாக பிஒய் வாங்கலாம். நான் இரண்டு பிஒய் வண்டி பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

இனி வண்டிகள்

ஆர்எக்ஸ் 100 பற்றி யாராவது கேட்பீர்கள். 1996-இல் நிறுத்திய வண்டி. நன்றாக வைத்திருப்பவர் விற்க மாட்டார், விற்க வருவது பெரும்பாலும் நான்கு வண்டியின் பாகங்கள் சேர்ந்த ஐந்தாவது வண்டி. ஆசைக்கு வாங்குங்கள், ஏற்காட்டுக்கு வேண்டாம்.

குறைந்த பட்ஜெட்டில் ஹோண்டா யூனிகார்னுக்கு எதிராக நிற்க எதுவும் இல்லை. 2004-இல் வந்த 150 சிசி வண்டி, 13 குதிரைத்திறன்தான், பார்க்க ஆபீஸ் போகிற வண்டி மாதிரி இருக்கும், ஏன், அதுதான் அது. ஆனால் பின்பக்க மோனோஷாக் (ஒற்றை ஷாக் அப்சார்பர்) நம் வேகத்தடைகளை மன்னித்துவிடும், சீட் நீளம், எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்ப்பார். தரங்கம்பாடிக்கு எழுபதில் ஒரு குறையும் இல்லை. குறை மலையில். இரண்டு பேர், ஒரு பை என்று ஏற்காடு ஏறினால் வளைவுக்கு வளைவு முதல் கியர், இரண்டாம் கியர் என்று கை ஓயாது. தனியாகப் போகிறவர், ஐம்பது அறுபதாயிரத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால் யூனிகார்னை வாங்கிவிட்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

பல்சர் 220-ஐ நான் ரொம்ப நாள் ஆசைப்பட்டேன். ஆயில் கூலர், 21 குதிரைத்திறன், 15 லிட்டர் டேங்க், ராத்திரியில் புரொஜெக்டர் ஹெட்லைட் அடிக்கும் வெளிச்சத்துக்கு அந்த விலையில் ஈடில்லை. பாகங்கள் பெட்டிக்கடையில் கிடைக்காததுதான் பாக்கி. ஆனால் மனைவி பின்சீட்டில் ஏறி நெல்லிக்குப்பம் வரை போய்விட்டு வந்து இறங்கி, "ஏங்க, இது உங்க காலேஜ் ஆசை. நான் பஸ்ல வந்துடுறேன்" என்றார். பின்சீட் உயரம், முன்னால் கைப்பிடி தாழ்வு. ஓட்டுகிறவருக்கு மணிக்கட்டு, உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பு. இன்னொன்றும் உண்டு. இந்த வண்டி வழக்கமாக யார் கையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். இருபது வயதில் முறுக்கு முறுக்கென்று முறுக்கப்பட்ட எஞ்சினாகத்தான் பாதிக்கு மேல் வரும்.

அதே குடும்பத்து எஞ்சினை உட்கார்ந்த வாக்கில் ஓட்ட வேண்டும் என்றால் அவெஞ்சர் 220. சீட் 737 மி.மீ. உயரம்தான், குள்ளமானவர்களும் காலைத் தரையில் முழுதாக ஊன்றலாம். பின்சீட்டும் வசதி. பெரும்பாலும் குடும்பஸ்தர் ஓட்டியதாக இருக்கும், எஞ்சின் அடி வாங்கியிருக்காது. ஆனால் காலை முன்னால் நீட்டி உட்காருவதால் பள்ளத்தில் விழும் அடி முழுக்க முதுகெலும்பில் ஏறும். திருக்கோவிலூர் சாலையில் ஒரு தடவை போனால் புரியும். கடலோரச் சாலைக்கு மட்டும் என்றால் இது நல்ல தேர்வு, விலையும் பலர் நினைப்பதைவிடக் குறைவு.

டோமினார் 400 காகிதத்தில் எல்லாரையும் ஜெயிக்கும். 373 சிசி, லிக்விட் கூலிங், ஆறு கியர், 2019 மாடலிலிருந்து 40 குதிரைத்திறன். இரண்டு பேரோடு ஏற்காடு ஏறும்போது மூன்றாம் கியரிலேயே இழுத்துக்கொண்டு போகும். நான் ஓட்டிப் பார்த்த 2018 வண்டியை இறங்கவே மனசு வரவில்லை. இறங்கிய பிறகுதான் யோசனை வந்தது. ரேடியேட்டர், கூலன்ட், ஒரே எஞ்சினுக்கு மூன்று ஸ்பார்க் பிளக். இதைப் பிரிக்கத் தெரிந்தவர் கடலூரில் இருக்கிறார், ஞாயிறு மாலை சின்னசேலத்தில் இருப்பாரா? சர்வீஸ் புத்தகம் ஒழுங்காக இருக்கிற வண்டி கிடைத்து, போகும் வழியெல்லாம் பெரிய ஊர் என்றால் சரி. ஆண்கள் நாலு பேர் சேர்ந்து நாலுவழிச் சாலையில் பெங்களூர் வரை போகிற கூட்டத்துக்கு இதுதான் வண்டி. எனக்கு இல்லை.

கடைசியில் மிஞ்சியவை இரண்டு ராயல் என்ஃபீல்டுகள். இங்கேதான் ஒரு மாதம் போனது.

ஹிமாலயன் 411 மீது எனக்கு ஒரு தனிப் பிரியம். 2016-இல் வந்த வண்டி, முன்சக்கரம் 21 இஞ்ச், தரையிலிருந்து 220 மி.மீ. இடைவெளி, ஷாக் அப்சார்பர் முன்னால் 200 மி.மீ., பின்னால் 180 மி.மீ. வேலை செய்யும். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி மண்பாதைக்குள் திருப்பினால் மற்ற வண்டிகள் நின்று யோசிக்கும் இடத்தில் இது பாட்டுக்குப் போகும். 24 குதிரைத்திறன் என்பது அதிகமில்லை, ஆனால் கீழ் கியரில் இழுவை நிறைய. முதல் வருட வண்டிகளைப் பற்றி அப்போதே நிறையப் புகார் வந்தது. வாங்கினால் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்த 2017-க்குப் பிந்தையது வாங்குங்கள். 15 லிட்டர் டேங்க், ஒரு வார இறுதிக்கு ஒரு தடவை நிரப்பினால் போதும்.

கிளாசிக் 350 என்றால் நான் சொல்வது பழைய 346 சிசி எஞ்சின் வண்டி. 2021 செப்டம்பரில் புது எஞ்சினோடு வந்தது வேறு. அதில் பேலன்சர் ஷாஃப்ட் வைத்து அதிர்வைக் குறைத்துவிட்டார்கள், ஓட்டினால் வெண்ணெய். அது என் பட்ஜெட்டுக்குள் நல்ல நிலையில் வரவில்லை. பழையது எண்பதைத் தாண்டினால் கைப்பிடி, கால்மிதி, கண்ணாடி எல்லாம் நடுங்கும். கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று தெரியாது. 20 குதிரைத்திறன்கூட முழுதாக இல்லை. 190 கிலோவுக்கு மேல் எடை. குறை சொல்ல ஆரம்பித்தால் நிறைய சொல்லலாம்.

அப்புறம் ஏன் அது பட்டியலில் கடைசிவரை நின்றது? நான்கு காரணம். எழுபதில் ஓட்டுகிறவனுக்கு எண்பதின் நடுக்கம் ஒரு பொருட்டில்லை. இரண்டாவது, கிக்கர். இதைப் பெரிதாக யாரும் பேசுவதில்லை. வார இறுதி வண்டி ஐந்து நாள் சும்மா நிற்கும்; ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் மூன்று வாரம்கூட நிற்கும். பேட்டரி இறங்கிவிட்டால் ஹிமாலயன், டோமினார், பல்சர் 220 மூன்றிலும் கிக்கர் கிடையாது, தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். 190 கிலோ வண்டியை மனைவி தள்ள, நான் கிளட்சை விட? வேண்டாம். பழைய கிளாசிக்கில் ஒரு மிதி, இரண்டு மிதி, வண்டி பேசும். மூன்றாவது, இன்சூரன்ஸ். 2022-இல் நிர்ணயித்த மூன்றாம் நபர் கட்டணத்தில் 150-லிருந்து 350 சிசி வரை வருடத்துக்கு 1,366 ரூபாய். 350-ஐத் தாண்டிவிட்டால் 2,804. 411 சிசி ஹிமாலயனும் 373 சிசி டோமினாரும் அந்தப் பக்கம் போய்விடுகின்றன. பெரிய தொகை இல்லை, ஆனால் வருடா வருடம் வரும்.

நான்காவது காரணம் 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி வந்தது. 350 சிசி வரையுள்ள புது பைக்குக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேலுள்ளவற்றுக்கு 40 ஆக ஏறியது. புது 350 விலை இறங்கினால் பழைய 350 விலையும் இறங்கித்தான் ஆக வேண்டும். பலர் இன்னும் பழைய விலையையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அண்ணே, ஷோரூம் விலை எவ்வளவு இறங்கியிருக்குன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டதற்கு மூன்று பேரில் இரண்டு பேர் ஏழாயிரம், எட்டாயிரம் என்று குறைத்தார்கள். ஹிமாலயன்காரரிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

கிளாசிக்கின் பெரிய குறை ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. பெரும்பாலானவற்றில் ஸ்போக் சக்கரம், டியூப் டயர். ஹிமாலயனிலும் அப்படியே. அலாய் சக்கரத்து டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் சாலையோரத்திலேயே பத்து நிமிடத்தில் புழு மாதிரி ஒரு ரப்பரைச் சொருகிவிட்டுக் கிளம்பலாம். இதில் சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவி, ஒட்டி, மாட்ட வேண்டும். பின்சக்கரம் என்றால் ஒரு மணி நேரம் போச்சு. பஞ்சர் பயம் அதிகம் உள்ளவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே வேறு வண்டி வாங்கலாம்.

மனைவியின் தீர்ப்பு: ஹிமாலயனில் ஏற ஸ்டூல் வேண்டும். கிளாசிக்கில் பின்சீட் குட்டி, மாற்றினால் சரி. தனியாகப் போகிறவனாக இருந்திருந்தால் நான் ஹிமாலயன்தான் எடுத்திருப்பேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பார்க்கப் போகும்போது

காலையில் போங்கள், வருகிற நேரத்தைச் சொல்லாமல் போனால் இன்னும் நல்லது. போனதும் முதல் வேலை எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் ஆகாத நோய் ஏதோ இருக்கிறது. வடலூரில் ஒருவர் "இப்பதான் பால் வாங்கப் போயிட்டு வந்தேன்" என்றார். வீட்டுக்குள் பால் பாக்கெட் எதையும் காணோம்.

டேங்க் மூடியைத் திறந்து செல்போன் டார்ச் அடித்தால் உள்ளே துரு தெரியும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நின்ற பழைய வண்டியில் டேங்க்கின் அடியையும் பெட்ரோல் ஓஸையும் பார்க்காமல் விடக்கூடாது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டுபோய் டேங்க்கில் வைத்து நகர்த்துங்கள், பிடி விடும் இடத்தில் பெயின்ட்டுக்குக் கீழே பட்டி. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. டயர் பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் ஆறு வருட டயர் என்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் கைப்பிடிக்குக் கீழே டக் டக்கென்று தட்டினால் கோன் செட் (கைப்பிடி திரும்பும் இடத்துப் பேரிங்) போயிருக்கிறது. அது சின்னச் செலவு. சேஸிஸ் எண் ஆர்சியோடு ஒத்துவராவிட்டால் அது செலவே இல்லை, திரும்பி நடக்க வேண்டியதுதான்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) வேண்டும் என்றால் 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியாகப் பாருங்கள். 125 சிசிக்கு மேல் அன்றிலிருந்து கட்டாயம். மழையில் நனைந்த நெல் உமி மேல் ஒரு தடவை பிரேக் பிடித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பேப்பரில் ஃபைனான்ஸ் அடைந்துவிட்டதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள். கடன் முடிந்தும் ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் நீங்காமல் இருக்கும் வண்டிகள் ஏராளம், அதற்குப் படிவம் 35. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. அபராதம் பாக்கி இருந்தால் விற்கிறவரையே கட்டச் சொல்லுங்கள். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றப் பதினான்கு நாளுக்குள் எழுதிக்கொடுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அவரோடு போய்விடும்.

நான் வாங்கியது 2019 ஜூலை மாத கிளாசிக். பண்ருட்டிக்கு உள்ளே, பலாத்தோப்பு ஒட்டிய வீடு, ஓய்வுபெற்ற ஒரு சார். 41,000 கி.மீ. மற்ற எல்லா வண்டியையும்விட மீட்டரில் அதிகம். ஹெட்லைட்டைக் கழற்றட்டுமா என்று கேட்டதும் அவரே உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்தார். உள்ளே ஒரு சிலந்தி வலை, உலர்ந்த தூசி, வேறொன்றும் இல்லை. 92,000 சொன்னார், 86,000-க்கு முடிந்தது. செயின் ஸ்ப்ராக்கெட், பின் டயர், பேட்டரி, பின்சீட் மாற்ற 11,400 ஆனது.

போன மாதம் திருவண்ணாமலையிலிருந்து திரும்பும்போது அரகண்டநல்லூரில் பின்சக்கரம் பஞ்சர். ஞாயிறு மாலை ஐந்தரை மணி. கடைக்கார அண்ணன் ஸ்போக்கைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். ஒரு மணி பத்து நிமிடம். எதிரே தென்பெண்ணையில் தண்ணீர் இல்லை, மணல்தான். மனைவி பாலத்து ஓரம் நின்று பொரிகடலை தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வந்து, "டியூப்லெஸ்னு ஒண்ணு சொன்னீங்களே, அது எந்த வண்டி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் ஸ்பேர் டியூப் இரண்டு வாங்கி, பழைய லுங்கியில் சுற்றி, பையின் அடியில் வைத்திருக்கிறேன்.